டி.வி.யில் படம் பெரிசு, பேச்சு புரியவில்லை! ஹோம் தியேட்டருடன் இணைப்பது எப்படி?

பிச்சாட்டூர் வட்டார வீடுகளிலும் இப்போது சுவரில் மாட்டும் பெரிய டெலிவிஷன் வந்துவிட்டது. படம் கண்ணாடி போலத் தெரிகிறது. ஆனால் கதாநாயகி என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. பேச்சு கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்து வரும் பாட்டும் விளம்பரமும் காதைக் கிழிக்கின்றன.

பெட்டியில் ஏதோ கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்லை. இன்றைய மெல்லிய டெலிவிஷனின் அமைப்பே அப்படி. இதற்குப் பரிகாரம் உண்டு. அதற்குப் புதிதாகப் பெரிய செலவும் தேவைப்படாது. பல வீடுகளில் பழைய டி.வி.டி. பிளேயரோடு வாங்கிய ஹோம் தியேட்டர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. சரியான ஒரு வயர், டெலிவிஷனில் மாற்ற வேண்டிய ஒன்றிரண்டு அமைப்புகள், இவை இருந்தால் போதும். எந்த வயர், எந்தத் துளை, எந்த அமைப்பு என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லை ஊரில் டெலிவிஷன்

ஆரணியாற்று அணையால் அறியப்படும் பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டையில் இருந்து சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகப் புத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022 ஏப்ரல் 4-ந் தேதி திருப்பதி மாவட்டம் புதிதாக உருவானபோது அதில் சேர்ந்தது. சத்தியவேடு சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்த ஊர் இது.

1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவும் அன்றைய சென்னை மாநிலமும் எல்லையைத் திருத்திக்கொண்டன. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. கோடு மாறினாலும் வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

ஆனால் இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கில் அல்லது ஆங்கிலத்தில். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடத் தமிழ்ச் சொல்லைக் காதால் கேட்பதுதான் அவர்களுக்கு அதிகம். முதலில் பாட்டி, தாத்தாவின் பேச்சு. அதற்கு அடுத்தபடியாக டெலிவிஷன். செய்தி வாசிப்பவரும், நாடகத்தில் நடிப்பவரும், கார்ட்டூனில் குரல் கொடுப்பவரும் இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காத தமிழ் வாத்தியார்கள்.

இதனால்தான் டெலிவிஷனின் ஒலி இங்கே வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் அல்ல.

வாலை, வாளை, வாழை

இந்த மூன்று சொற்களையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாய் ஆட்டுவது வாலை. மீனில் ஒன்று வாளை. தோட்டத்தில் இருப்பது வாழை. மூன்றுக்கும் நடுவே இருக்கும் வேற்றுமை ஒரே ஓர் எழுத்து. இன்றைய தெலுங்கில் லகரமும் ளகரமும் உண்டு. ழகரம் வழக்கில் இல்லை. எனவே தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைக்கு ழகரத்தைக் கற்றுக்கொள்ள வேறு வழி இல்லை, காதால்தான் கேட்க வேண்டும்.

மனிதக் காது வினாடிக்கு 20 முதல் 20 ஆயிரம் அதிர்வு வரை கேட்கக்கூடியது. ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியும், பெண் குரலின் அடிநாதம் 200-ஐ ஒட்டியும் இருக்கும். ஆனால் ஓர் எழுத்தை இன்னொன்றில் இருந்து பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகளில் பெரும்பகுதி 1,000 அதிர்வுக்கு மேலே, முக்கியமாக 2,000 முதல் 4,000 வரை உள்ள பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி மங்கினால் குரல் கேட்கும்; சொல் புரியாது.

வயதாகும்போது காதில் முதலில் குறைவதும் இந்த உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறன்தான். "சத்தம் கேட்குது, என்ன சொல்றான்னு தெரியலே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஆக, பேத்திக்கும் பாட்டிக்கும் தேவைப்படுவது ஒன்றுதான். சத்தம் அல்ல, தெளிவு.

மரப்பெட்டிக் காலம்

இந்தியாவில் டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15-ந் தேதி டில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அதன் அலை எட்டிய ஊர்களில், கூரைக்கு மேல் கம்பம் நட்டு, ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி வைத்துப் படம் பார்த்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பார்.

சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகள் அந்தக் காலத்தில் பெயர் பெற்றவை. கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் சில நேரம் பூச்சி பறக்கும். ஆனால் பேச்சு மட்டும் கணீரென்று கேட்கும்.

காரணம் எளிது. படக்குழாய்க்காகப் பெட்டி ஆழமாக இருந்தது. பல பெட்டிகள் மரத்தால் ஆனவை. அதில் கையகல ஸ்பீக்கர் வைக்க இடம் இருந்தது. அந்த ஸ்பீக்கர் பார்ப்பவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே இருந்த வெற்றிடம், வீணையின் குடம் போல ஒலிக்கு உடம்பு கொடுத்தது.

மெலிந்தது பெட்டி, மெலிந்தது குரல்

இன்றைய டெலிவிஷனில் குழாய் இல்லை. ஆழமும் இல்லை. சில இடங்களில் பெட்டியின் கனம் இரண்டு விரற்கடைதான். படத்தைச் சுற்றி விளிம்பே தெரியக்கூடாது என்று கம்பெனிகள் போட்டி போடுகின்றன. அதனால் ஸ்பீக்கருக்கு முகப்பில் இடம் இல்லாமல் போய்விட்டது. பெரும்பாலான பெட்டிகளில் அது அடியில் தரையைப் பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோ இருக்கிறது.

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் கருவி. தாழ்ந்த ஒலி வேண்டுமானால் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகலமான கூம்பும், பின்னால் காற்றுக்கு இடமும் தேவை. மெல்லிய பெட்டியில் இரண்டும் இல்லை. உயர்ந்த ஒலியோ, டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும் குணம் உடையது. ஸ்பீக்கர் சுவரைப் பார்த்தால் அது சுவரில் மோதிச் சிதறித்தான் காதுக்கு வரும். இப்படிக் கீழ் ஒலியும் போய், மேல் ஒலியும் மங்கி, நடுவில் இருப்பது மட்டும் வந்து சேருகிறது.

சினிமாவின் ஒலியோ இதற்கு நேர்மாறாக வளர்ந்திருக்கிறது. 1995-ல் வந்த "குருதிப்புனல்" டால்பி ஒலியையும், 1996-ல் வந்த "கருப்பு ரோஜா" டி.டி.எஸ். ஒலியையும் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தின. இன்றைய படங்களின் ஒலி, தியேட்டரில் நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்காகப் பிரித்து அமைக்கப்படுகிறது. அதே ஒலியை இரண்டு சிறு ஸ்பீக்கரில் நெருக்கித் திணிக்கும்போது முதலில் அடிபடுவது வசனம்தான்.

பக்கத்து ஊரில் தயாராகும் பெட்டி

இந்தக் கதையில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. டெலிவிஷன் தயாரிப்பு இப்போது இந்த மாவட்டத்துக்கே வந்துவிட்டது. பல கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் டிக்சன் நிறுவனத்தின் தொழிற்சாலை திருப்பதியில் இருக்கிறது. ஷியோமி நிறுவனம் தன் டெலிவிஷன்களை அங்கே தயாரிக்கப் போவதாக 2018-ல் அறிவித்தது. ஏர்ப்பேடு பக்கம் உள்ள விக்ருதமாலாவில் டி.சி.எல். குழுமம் டெலிவிஷன் திரை செய்யும் தொழிற்சாலையை அமைத்தது.

அன்று சென்னையில் செய்த பெட்டி எல்லை தாண்டி இங்கே வந்தது. இன்று இங்கே செய்யும் பெட்டி எல்லை தாண்டிச் சென்னைக்குப் போகிறது. ஆனால் எங்கே செய்தாலும் மெல்லிய பெட்டிக்கு உள்ள குறை ஒன்றேதான்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஹோம் தியேட்டரோ, புது வயரோ வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், டெலிவிஷனின் பின்பக்கத்தையும் ஹோம் தியேட்டரின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. கடைக்காரருக்கு ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அந்தப் படத்தைக் காட்டுவது எளிது.

பார்க்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. துளைகளில் இரண்டு சாதி உண்டு. "இன்" என்று எழுதியிருப்பது வரும் வழி. "அவுட்" என்று எழுதியிருப்பது போகும் வழி. ஒலி டெலிவிஷனின் "அவுட்"டில் புறப்பட்டு, ஹோம் தியேட்டரின் "இன்"னில் நுழைய வேண்டும்.

பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். டெலிவிஷனில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகளைப் பார்த்ததும் ஹோம் தியேட்டர் வயரை அதில் செருகிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் டி.வி.டி. பிளேயரில் இருந்து படமும் ஒலியும் உள்ளே வருவதற்கான "இன்" துளை. அதில் இருந்து ஒலி வெளியே வராது. "ஹோம் தியேட்டர் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டி, நல்ல கருவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டவர்களும் உண்டு.

டெலிவிஷனில் இருந்து ஒலியை வெளியே எடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன.

1. எச்.டி.எம்.ஐ. வழி

ஓரளவு புதிய ஹோம் தியேட்டரும் சவுண்ட் பாரும் உள்ளவர்களுக்கு இதுவே முதல் வழி. டெலிவிஷனில் இரண்டு, மூன்று எச்.டி.எம்.ஐ. துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஆங்கிலத்தில் "ஏ.ஆர்.சி." என்றோ "இ-ஏ.ஆர்.சி." என்றோ எழுதியிருக்கும். ஹோம் தியேட்டரிலும் அதே எழுத்துள்ள துளை இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தால் போதும். வேறு துளையில் செருகினால் டெலிவிஷனின் ஒலி வராது.

சாதாரணமாக எச்.டி.எம்.ஐ. துளை வழியே படமும் ஒலியும் டெலிவிஷனுக்கு உள்ளே வரும். 2009-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகுதான், அதே வயரில் ஒலி திரும்பி வெளியே போகவும் வழி ஏற்பட்டது. ஏ.ஆர்.சி. என்பது அந்தத் திரும்பும் வழியின் பெயர். 2017-ல் வந்த இ-ஏ.ஆர்.சி. அதைவிட அகலமான பாதை.

வயரை மாட்டினால் மட்டும் போதாது. டெலிவிஷனின் "செட்டிங்ஸ்" பகுதியில் "சவுண்ட்" என்ற இடத்துக்குப் போய், ஒலி வெளியேறும் இடமாக ஏ.ஆர்.சி.யைத் தேர்வு செய்ய வேண்டும். "சி.இ.சி." என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது. இதை இயக்கினால், டெலிவிஷன் ரிமோட்டிலேயே ஹோம் தியேட்டரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். பெரியவர்கள் உள்ள வீட்டில் இது பெரிய வசதி.

2. ஒளி வழி

டெலிவிஷனின் பின்பக்கம் சிறு கதவு வைத்த சதுரத் துளை ஒன்று இருக்கும். "ஆப்டிகல்" என்று எழுதியிருக்கும். கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். ஒலியை ஒளித் துடிப்பாக மாற்றி, மெல்லிய இழை வழியாக அனுப்பும் முறை இது. ஜப்பானின் தோஷிபா கம்பெனி 1983-ல் கொண்டுவந்தது. இன்றும் பயன்படுகிறது.

இதில் மின்சாரம் போவதில்லை, வெளிச்சம்தான் போகிறது. எனவே "ஊ" என்ற இரைச்சல் இந்த வயரின் வழியாக வராது. வயரின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டும். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். வயரை மடித்து ஒடிக்கவும் கூடாது. உள்ளே இழை முறிந்தால் ஒலி வராது.

3. சிவப்பு, வெள்ளை வழி

ஹோம் தியேட்டர் பழையதானால் அதில் ஏ.ஆர்.சி.யும் இருக்காது, ஒளித் துளையும் இருக்காது. சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் "ஆக்ஸ் இன்" என்ற பெயரில் இருக்கும். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்து, 4440 ஐ.சி. போர்டு வைத்து உள்ளூரில் கட்டிய செட்டுகளும் இப்படித்தான்.

டெலிவிஷனில் இயர்போன் துளை இருந்தால் வேலை சுலபம். ஒரு முனையில் இயர்போன் பின்னும், மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்னும் உள்ள வயர் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சில டெலிவிஷன்களில் இந்தத் துளையின் ஒலி அளவைத் தனியே கூட்ட வேண்டியிருக்கும்.

டெலிவிஷனில் ஒளித் துளை மட்டும் இருந்து, ஹோம் தியேட்டரில் சிவப்பு, வெள்ளை மட்டும் இருந்தால், நடுவில் "டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்" என்ற சிறு பெட்டி வைக்க வேண்டும். அப்போது டெலிவிஷனின் ஒலி அமைப்பில் "பி.சி.எம்." என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண கன்வெர்ட்டருக்கு டால்பி ஒலியைப் பிரிக்கத் தெரியாது. ஒன்றும் கேட்காது, அல்லது கரகரவென்ற சத்தம்தான் வரும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. செட்-டாப் பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை "அவுட்" துளை இருந்தால், அதில் இருந்தே நேராக ஹோம் தியேட்டருக்கு வயர் இழுக்கலாம். டெலிவிஷனின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். இதில் செட்-டாப் பெட்டியின் நிகழ்ச்சி மட்டும்தான் கேட்கும். டெலிவிஷனில் உள்ள யூடியூப் முதலியவை கேட்காது.

4. புளூடூத் வழி

வயரே வேண்டாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபடி விரிக்க நேரம் ஆகிறது. சாதாரண புளூடூத்தில் இது 100 முதல் 200 மில்லி வினாடி வரை போகலாம். ஒலி 125 மில்லி வினாடிக்கு மேல் பிந்தினால் பார்ப்பவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு சொல்கிறது. உதடு முதலில் அசையும். சொல் பிறகு வரும். பாட்டுக் கேட்க இது போதும். வசனத்துக்கு வயரே மேல். உதட்டைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்ளும் பெரியவர்களுக்கும், வாயசைவைப் பார்த்து உச்சரிப்பைப் பழகும் குழந்தைக்கும் இந்தப் பிந்தல் தொந்தரவாக இருக்கும்.

இணைத்தும் சத்தம் வரவில்லையா?

சேனலில் ஒலி வருகிறது, சினிமா ஆப்பைத் திறந்தால் மௌனம் என்று பலர் சொல்வது உண்டு. ஆப்பில் வரும் ஒலி புது வகை டால்பியாக இருக்கும். பழைய ஹோம் தியேட்டருக்கு அந்த மொழி தெரியாது. ஒளி வயருக்கும் அதை அப்படியே சுமக்கும் சக்தி இல்லை. டெலிவிஷனின் ஒலி அமைப்பில் "பி.சி.எம்."க்கு மாற்றினால் மௌனம் கலையும்.

எல்லாம் சரியாக இருந்தும் "ஊ" என்ற இரைச்சல் வந்தால், கேபிள் டி.வி. வயரை ஒரு நிமிடம் கழற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால், கேபிள் வயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் மோதுகின்றன என்று அர்த்தம். டெலிவிஷன், செட்-டாப் பெட்டி, ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே பிளக் பலகையில் போட்டால் பெரும்பாலும் குறையும். இரைச்சலை ஒழிக்க எர்த் பின்னைப் பிடுங்குவது ஆபத்து. அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

எந்த ஸ்பீக்கர் எங்கே?

5.1 செட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூபரும் இருக்கும். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் இருந்துதான் வரும். இதை ஷோகேசின் உள்ளே பொம்மைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்களே அதிகம். டெலிவிஷனுக்கு நேர் கீழே, முன்விளிம்பை ஒட்டி, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்த்தபடி வைக்க வேண்டும். இடது, வலது ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் உட்காருபவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இருந்தால் போதும்.

சப்-வூபரைச் சுவர் மூலையில் தள்ளினால் அதிர்வு கூடும். சிறிய அறையில் அது வசனத்தை விழுங்கிவிடும். மூலையை விட்டு நகர்த்தி, அதன் அளவையும் குறைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பும் கறுப்பும் உண்டு. சிவப்பு சிவப்பிலும், கறுப்பு கறுப்பிலும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல இருக்கும். எத்தனையோ வீடுகளில் நல்ல செட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பது இந்தச் சிறு தவறுதான்.

சேனல்கள் பலவற்றின் ஒலி இரண்டு பக்க ஒலிதான். அதற்கு ஆறு ஸ்பீக்கரும் முழங்க வேண்டியதில்லை. செய்தி, நாடகம் பார்க்கும்போது "ஸ்டீரியோ" முறையிலோ, "நியூஸ்", "வாய்ஸ்" என்று எழுதியிருக்கும் முறையிலோ வைத்தால் பேச்சு முன்னுக்கு வரும். இரவில் "நைட் மோட்" வைத்தால் பெரிய சத்தம் அடங்கி, சிறிய பேச்சு எழும்பும்.

மொழிப் பொத்தான்

எல்லை ஊர் வீடுகளுக்கு முக்கியமான பொத்தான் ஒன்று ரிமோட்டில் இருக்கிறது. "லாங்வேஜ்" அல்லது "ஆடியோ" என்று எழுதியிருக்கும். கார்ட்டூன், விலங்குகள், அறிவியல் சேனல்கள் சிலவற்றில் ஒரே படத்தோடு பல மொழி ஒலி சேர்ந்து வருகிறது. ஆந்திராவில் செட்-டாப் பெட்டி தெலுங்கு ஒலியில் இருந்தால், இந்தப் பொத்தானை அழுத்தித் தமிழ் இருக்கிறதா என்று பார்க்கலாம். சினிமா ஆப்புகளிலும் படம் ஓடும்போது ஒலி மொழியை மாற்றும் இடம் உண்டு.

தெலுங்கு கேட்பதும் நல்லதுதான். பக்கத்து வீட்டு மொழி, படிப்பு மொழி, பிழைப்பு மொழி அது. ஆனால் பிள்ளைக்கு இரண்டும் சுத்தமாகக் காதில் விழ வேண்டும். இந்த ஒரு பொத்தானால் காசு செலவில்லாமல் அது கைகூடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

புதிதாக வாங்குவதானால், அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் "பி.எம்.பி.ஓ. வாட்ஸ்" என்ற கணக்கை நம்ப வேண்டாம். கண் சிமிட்டும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று காட்டும் விளம்பரக் கணக்கு அது. "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருப்பதே தொடர்ந்து தரும் உண்மையான சக்தி. சாதாரண அறைக்குப் பெரிய எண் தேவையில்லை.

கடையில் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்வதும் தவறு. அங்கே போடுவது தரை அதிரும் பாட்டாகத்தான் இருக்கும். "தமிழ்ச் செய்தி போடுங்கள்" என்று கேட்க வேண்டும். ஒலியைக் குறைத்து வைத்தும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால், அந்த செட் வீட்டுக்கு ஏற்றது. டெலிவிஷனில் உள்ள துளைக்கு ஏற்ற துளை அதில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் பக்கத்து வீடும்

எந்த வயரை மாட்டும் முன்னும் இரண்டு கருவியையும் மெயின் சுவிட்சில் அணைக்க வேண்டும். டெலிவிஷனின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வயரை வெளியே இழுத்து ஹோம் தியேட்டரில் சேர்க்கும் கைவேலை கூடவே கூடாது. இரண்டு கருவியும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வரும்போது கரண்ட் பிளக்கோடு கேபிள் அல்லது டிஷ் வயரையும் கழற்றி வைப்பது நல்லது. மின்னலின் தாக்கம் அந்த வயரிலும் வரும்.

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கு உள்ள அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டில் வைக்கும் ஒலிக் கருவியின் சத்தம், அந்த வீட்டின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. சட்டத்தைவிடப் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நினைத்துப் பார்த்தாலே சப்-வூபர் தானாக அடங்கிவிடும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் வீட்டுப் பெரியவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், கோளாறு டெலிவிஷனில் இல்லை. காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். காது கேட்கவில்லை என்பதை வெளியே சொல்லாமல், நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

கடைசிச் சோதனை

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க மீட்டரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். தமிழ்ச் செய்தியைப் போட்டு, சப்-வூபரை அணைத்து, ஒலியைச் சாதாரணப் பேச்சு அளவில் வைக்க வேண்டும். பாட்டி எப்போதும் உட்காரும் இடத்தில் பாட்டியையும், பக்கத்தில் பேத்தியையும் உட்கார வைக்க வேண்டும். செய்தி வாசிப்பவர் சொன்ன ஒரு வாக்கியத்தை இருவரும் திருப்பிச் சொல்லட்டும்.

பாட்டி ஒரு சொல்லைக்கூட விடாமல் சொல்லி, பேத்தி "மழை"யை "மலை" ஆக்காமல் சொன்னால், வயர் சரியான துளையில்தான் இருக்கிறது. அதன் பிறகு சப்-வூபரை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம்.